மோப்பம் சாட்சியாகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். போன மாதம் என் திருக்கைக் கருவாட்டு மூட்டைகளை அதிகாரிகள் வழியில் மறித்து, பிடிக்கத் தடையுள்ள ஆவுளியா (கடற்பசு) இறைச்சியோ என்று சந்தேகப்பட்டார்கள். உப்பும் வெயிலும் பட்டபின் எல்லாம் ஒரே பழுப்பு நார்தான். நானே மோந்து பார்த்துத்தான் சொல்வேன். அதை யார் சாட்சியாக ஏற்பார்கள்? நாலு நாள் வெளியே கிடந்து, மழையில் நனைந்து, இரண்டு மூட்டையில் புழு வைத்துவிட்டது.

டிஎன்ஏ சோதனை மனிதருக்கு மட்டுமல்ல. செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான பிரதிகளாக இருப்பதால், காய்ந்த சதையிலும் கொஞ்சமாவது மிஞ்சும். நகக்கண் அளவு துண்டிலேயே இனம் தெரிந்துவிடும். கனடாவில் 1994இல் நடந்த கொலையில், ரத்தக்கறை படிந்த ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த வெள்ளைப் பூனை முடிதான் ஆளைக் காட்டிக்கொடுத்ததாம். பூனை சாட்சி சொன்ன வழக்கு! ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வகம் வனவிலங்கு வழக்குகளுக்கு இதைச் செய்கிறது.

2001 முதல் தடையிலுள்ள கடல் அட்டையை அவித்து உலர்த்திக் கடத்துகிறவனும் இதில் மாட்டட்டும், சரி. ஆனால் எங்களுக்குப் பக்கத்து ஊரான மண்டபம் பக்கம் ஒரு சோதனைக்கூடம் வேண்டும். அதுவரை, அதிகாரிகளே, துண்டை வெட்டி முத்திரையிட்டு எடுத்துக்கொண்டு, மீதி மூட்டையை நனையாத இடத்திலாவது வையுங்கள்.

– கருவாட்டு வியாபாரி, தங்கச்சிமடம்