செயலாளரின் ஆண்டறிக்கை: திருமணிமுத்தாறும் நம் தெருக்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்கு அஞ்சலி. சின்ன வயதில் இந்த ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தவர் அவர். உடம்புக்கு முடியாமல் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். "ஆறு இருக்குதுய்யா, அடியில இருக்குது" என்பார். அந்தக் குரல் இல்லாத முதல் பொதுக்குழு இது.

சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் புகுந்து, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயில் கரையைத் தொட்டுக்கொண்டு, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது திருமணிமுத்தாறு. மலையடிவாரத்தில் கல் தெரிய ஓடும் தண்ணீர் நம் பாலத்துக்கு வரும்போது கறுத்துவிடுகிறது. நமக்குக் கீழே உள்ள விவசாயிகள் அதைத்தான் ஏரிகளில் தேக்கி வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். மழைக்காலத்தில் நுரை வயல்வரை பறக்கிறது.

ஆண்டின் முதல் பாதியில் நாம் செய்தது குப்பை அள்ளுவதுதான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு இறங்கி வெயில் ஏறும் முன் முடித்துவிடுவோம். 2019 ஜனவரியிலேயே தடை செய்யப்பட்ட கேரி பேக்கும் பிளாஸ்டிக் கப்பும்தான் மூட்டை மூட்டையாக வந்தன. ஒரு தம்பிக்குக் கண்ணாடி குத்திக் காலில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு முழங்கால் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரையும் இறங்க விடுவதில்லை. சேற்றில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

ஆகாயத்தாமரையில் ஒரு தவறு செய்தோம். அள்ளியதைக் கரையோரமே குவித்தோம். அடுத்த மழையில் பாதி ஆற்றுக்கே திரும்பிவிட்டது. கழிவுநீரில் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் செடி அது. இப்போது மேட்டில் காயவைத்து, சாணத்தோடு சேர்த்து உரமாக்குகிறோம்.

கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஒருநாள் போய் வந்தோம். 2010-ல் ஊர்மக்கள் கைகோத்துத் தூர்வாரிய ஏரி. அள்ளிய வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பறவைகள் அடைகின்றன. திரும்பும்போது பஸ்ஸில் மகளிர் குழு அக்கா ஒருவர் கேட்டார்: "மேலிருந்து குப்பை வருது, சரி. நம்ம வீட்டுத் தண்ணி எங்க போகுது?"

அந்தக் கேள்வியால் இந்த ஆண்டின் வேலையே மாறிப்போனது. மூன்று தெருவிலும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். பல வீடுகளில் செப்டிக் டேங்கின் மிகைநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் விடப்பட்டிருந்தது. வடிகால் போய்ச் சேருவது ஆற்றில். என் வீட்டுக் குழாயும் அப்படித்தான் இருந்தது. பதினைந்து வருடமாக அந்த ஆற்றைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். முதலில் அதைத்தான் அடைத்தேன்.

பாதாளச் சாக்கடை வந்த தெருவில் இணைப்பு வாங்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். வராத சந்துகளில் குளியல், துவைத்த தண்ணீருக்கு உறிஞ்சு குழி வெட்டினோம். ஒரே தடவையில் பணம் கட்ட முடியாதவர்களுக்காக மகளிர் குழு தனியாக ஒரு சீட்டு நடத்தியது. இந்த ஆண்டு நடந்தவற்றில் என் மனதுக்கு மிகவும் நிறைவானது அந்தச் சீட்டுதான். வாடகை வீடுகளில் மட்டும் வேலை நின்றுகொண்டிருக்கிறது, உரிமையாளர்கள் வெளியூரில். அவர்களிடம் குடித்தனக்காரர்களை அலைய விடாமல் சங்கமே பேச வேண்டும்.

அப்புறம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். செப்டிக் டேங்கில் சேரும் கழிவை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், அதையும் இயந்திர லாரி வைத்துத்தான். உள்ளே ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடைப்பு எவ்வளவு அவசரமானாலும் நம் தெருவில் ஒரு மனிதர் குழிக்குள் இறங்கக் கூடாது.

ஆற்றில் வரும் சாயத் தண்ணீர் பற்றி: எந்த நேரம் என்ன நிறத்தில் வருகிறது என்று நோட்டில் குறித்து, படத்தோடு மனு கொடுத்திருக்கிறோம். பதிலுக்காகத் தொடர்ந்து கேட்டுவருகிறோம். வீட்டோடு சாயப்பட்டறை வைத்திருப்பவர்கள் நம் ஆட்கள்தான். தனித்தனியாகச் சுத்திகரிக்க அவர்களால் ஆகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதியிருக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். குப்பை மூட்டைகளை முகம் சுளிக்காமல் ஏற்றிப்போன தூய்மைப் பணியாளர்களுக்கும், தேநீர்க்கடை அண்ணனுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் மேலத் தெருவின் மீதி வீடுகளுக்குக் குழாய் மாற்றும் வேலையை மழைக்கு முன் முடிக்க வேண்டும். அதற்கான குழுவை இன்றே தேர்ந்தெடுக்குமாறு கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்