நங்கூரம் தூக்கும் முன் யார் எண்ணினார்?

ஆளரவமற்ற தொலைதூரக் கரைகளுக்குப் பயணிகளைக் கூட்டிச்செல்லும் எக்ஸ்பெடிஷன் கப்பல் நடத்தும் நிறுவனங்களுக்கும், பயணிகளைத் தீவுகளில் இறக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வெப்பமண்டலத் தீவில் ஒரு நாள் என்றால் முந்தின இரவே கேபின் கதவுக்கு அடியில் நிகழ்ச்சி நிரலைச் செருகிவிடுகிறீர்கள். இறங்கும் நேரம், குன்றேற்றம், ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாயோடு நீந்துவது), மதிய உணவு எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஒரு வரி: 'கடைசிப் படகு இத்தனை மணிக்கு'. அந்த நேரத்தை எதை வைத்துக் குறித்தீர்கள், அந்தப் படகில் ஏறாமல் போன ஆளை யார் கண்டுபிடிப்பார் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் குன்றேறப் போன 80 வயதுப் பயணி ஒருவர் குழுவிலிருந்து பிரிந்துபோனார். அவரை ஏற்றாமலே கப்பல் கிளம்பியது. ஆள் குறைவது தெரிந்து திரும்பி வந்து தேடியபோது சடலமாகத்தான் கிடைத்தார். 1998 ஜனவரியில் அதே பெரும் பவளத்திட்டுப் பகுதியில் முக்குளிக்கப் போன இருவரை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் வரவில்லை என்று உணரவே இரண்டு நாள் பிடித்தது.

எண்ணுகிறோமே என்பீர்கள். கப்பல் ஏணியருகே எண் பொறித்த வில்லைகள் தொங்கும் பலகை இருக்கிறது. இறங்கும்போது திருப்பி, ஏறும்போது மறுபடி திருப்ப வேண்டும். ஆனால் மனைவி கணவனுடையதையும் சேர்த்துத் திருப்புவார். 'பின்னாலேயே வர்றாங்க' என்று ஒருவர் சொன்னதை நம்பி ஊழியரே திருப்பிவிடுவார். பயணியின் அடையாள அட்டையைத் தேய்க்கும் கருவியாக இருந்தாலும் கதை அதேதான்: ஒருவர் கையில் இரண்டு அட்டை. பலகை காட்டுவது வில்லை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மட்டுமே.

ஆகவே ஒன்றையொன்று பார்த்து எழுதாத மூன்று கணக்கு வேண்டும். படகோட்டி ஒவ்வொரு நடையிலும் தலைகளை எண்ணி வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும்: 'ஏழாவது நடை, ஒன்பது பேர்'. கரையில் நிற்பவர் அதைத் தாளில் எழுத வேண்டும். மூன்றாவது கணக்கு அந்த வில்லைப் பலகை. இவற்றோடு இலவசமாகக் கிடைக்கும் நான்காவது ஒன்றும் உண்டு. இறங்கியதும் எல்லாரும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிக் கரையிலுள்ள பையில் போடுகிறார்கள்; கடைசிப் படகுக்குப் பின்னும் பையில் ஒரு சட்டை மிஞ்சினால் தீவில் ஒருவர் மிஞ்சியிருக்கிறார். (சட்டையோடு நீந்தப் போனவர்கள் இந்தக் கணக்கைக் குழப்புவார்கள், ஸ்நார்க்கலுக்குத் தனி நிறச் சட்டை கொடுங்கள்.) ஒரு எண் இடித்தாலும் கேபின் கேபினாகத் தட்டி முகத்தைப் பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் அழைத்துவிட்டு, பதில் வராததைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆள் தொலைவது பெரும்பாலும் பாதையில். குழுவுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர் என்பது எல்லாருக்கும் தெரியும். பாதி வழியில் ஒருவர் 'முடியவில்லை, நான் மெதுவாகத் திரும்புகிறேன்' என்றால்? பின்னால் வருபவர் அவரோடு இறங்கினால் குழுவுக்கு வால் இல்லை. இறங்காவிட்டால் அவர் தனியாள். எனவே ஏறும் பாதைக்கு மூன்று பேர் தேவை. மூன்றாமவர் திரும்புகிறவருக்கென்றே இருப்பவர். சம்பளக் கணக்கில் இவரைத்தான் முதலில் வெட்டுகிறீர்கள். அண்டார்டிகாவில் ஓர் இறங்குமிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது, 20 பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற வரம்பு இருக்கிறது. ஈக்வடாரின் கலாபகஸ் தீவுகளில் ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான். விதி இல்லாத தீவிலும் அதே கணக்கைப் பின்பற்ற உங்களை யார் தடுக்கிறார்கள்?

அடுத்தது, கடைசிப் படகின் நேரம். பவளத்திட்டு சூழ்ந்த தீவில் அதை ஓதம்தான் தீர்மானிக்க வேண்டும், சமையல்கூடம் அல்ல. நாளுக்கு இருமுறை ஏறி வற்றும் கடலில் உச்சத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். காலை 7 மணிக்கு நிறைநீரில் சுகமாக இறக்கினால், சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பும் ஒன்றேகால் மணிக்கு நீர் அடிமட்டத்தில் இருக்கும். அதிலும் சீராக வற்றுவதில்லை. மூன்றாம், நான்காம் மணிகளில், அதாவது 9 முதல் 11 வரை, மொத்த இறக்கத்தில் பாதி போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இறக்கம் இன்னும் பெரிது. படகு திட்டின் விளிம்பிலேயே நின்றுவிட, பயணிகள் பவளத்தை மிதித்துக்கொண்டு நடப்பார்கள். உடைவது பவளமும் கணுக்காலும். ஓத அட்டவணையைத் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்.

மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் அலையும் ஏறும். அலைகள் கூட்டங்கூட்டமாக வருவதால் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் துறை அமைதி என்று சொல்லக் கூடாது; பத்து நிமிடமாவது பார்க்க வேண்டும். அலை உடையும் கரையில் ரப்பர் படகின் மூக்கு கடலைப் பார்த்தே நிற்க வேண்டும். பக்கவாட்டில் அலை வாங்கினால் கவிழும். பத்துப் பேர் கொள்ளும் படகில் அப்போது ஆறு பேர் போதும். பயணி விளிம்புக் குழாயில் உட்கார்ந்து, இரு காலையும் சேர்த்து வெளியே போட்டு இறங்கட்டும், குதிக்க வேண்டாம். கை கொடுப்பவர் விரல்களை அல்ல, முன்கையைப் பற்ற வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. அடுத்த அலையில் படகின் முழு எடையும் முழங்காலில் வந்து விழும்.

வெயிலைப் பற்றி ஒன்றுதான்: 11 முதல் 3 வரை மேடேறும் நடை வேண்டாம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் யார் யார் என்று கப்பல் மருத்துவருக்குத் தெரியும், வழிகாட்டிக்குத் தெரியாது. பயணியின் சம்மதத்தோடு அதைச் சொல்லிவையுங்கள். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால் முதலில் அங்கேயே நீரூற்றிக் குளிர்வியுங்கள், தூக்கிச் செல்வது பிறகு.

கரைப் பெட்டியில் வெந்நீர்க் குடுவையும் வினிகரும் இருக்கட்டும். நச்சு முள்ளுள்ள கல்மீன், திருக்கை குத்தினால் சுடாத அளவில், 45 டிகிரி வரை, வெந்நீரில் காலை அமிழ்த்த வேண்டும். பெட்டி ஜெல்லிமீன் (box jellyfish) என்ற நச்சு ஜெல்லிமீன் பட்டால் வினிகரை அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். கரீபியன் கரைகளில் மான்சினீல் மரத்தடியில் மழைக்குக்கூட ஒதுங்க விடாதீர்கள். சொட்டும் பால் தோலைப் பொசுக்கும்.

அடுத்த பருவத்துக்கான நிகழ்ச்சி நிரலில் 'கடைசிப் படகு' என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி கேட்கிறோம்: கணக்கு மூன்றும் ஒத்தன என்று கையெழுத்திடும் அதிகாரியின் பதவி. அந்தத் தாள் கேப்டன் கைக்குப் போகும்வரை நங்கூரச் சங்கிலி அசைய வேண்டாம்.

இப்படிக்கு,
கரையிறக்கும் படகுகளிலும் பாதைகளிலும் வேலை பார்ப்பவர்கள்