அந்தூரியத்துக்கு எந்தத் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வீட்டுத்தோட்டப் பக்கத்தில் அந்தூரியம் வளர்ப்பது பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், மண்ணைக் குறைத்துத் தேங்காய்ப் பொச்சும் கரியும் போட வேண்டும், எல்லாம் சரிதான். ஆனால் தண்ணீர் ஊற்றுங்கள் என்று எழுதிவிட்டு எந்தத் தண்ணீர் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. கண்டியில் இருப்பவருக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அங்கேதான் எல்லாம் பிழைக்கிறது.

நான் பட்டதைச் சொல்கிறேன். ஐந்து வருடத்துக்கு முதல் தெருவோரம் லொறியில் வைத்து விற்ற ஒருவரிடம் இரண்டு சாடி வாங்கினேன், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இலை ஒவ்வொன்றும் சோத்துக் கோப்பை அளவு, எண்ணெய் பூசினது போல மினுக்கம். மூன்று மாதம் போகவில்லை, புதிதாக வந்த இலை வெளிறி மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சை. பசளை காணாதாக்கும் என்று பசளை போட்டேன், இலை நுனி கருகிற்று. வெயில் சூடு என்று இன்னும் ரெண்டு வாளி கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். வெள்ளை செத்துப்போனது. விற்றவரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன், பாவம் அவர் என்ன செய்வார்.

பிறகு ஒருநாள் கேத்தலைக் கழுவும்போதுதான் கவனித்தேன். அடியில் படிந்திருந்த அதே வெள்ளைப் படை சிவப்புச் சாடியின் விளிம்பிலும் இருந்தது. நகத்தால் சுரண்டினால் ரெண்டும் ஒரே மாதிரி உதிர்கிறது. எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல், மழை அதற்குள்ளால் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது, அந்தச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. செவ்வரத்தைக்கும் குரோட்டனுக்கும் அது பெரிய பாதகமில்லை. அந்தூரியத்துக்குக் கொஞ்சம் புளிப்புப் பக்கம் சாய்ந்த வேர்ச்சூழல் வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் விட விட அது காரமாகி, இரும்புச் சத்து சாடிக்குள் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. புது இலை மஞ்சளாவது அதனால்தான். நான் அதன் தலையில் பசளையைக் கொட்டி உப்பையும் கூட்டிவிட்டேன்.

அதன் சொந்த ஊர் கொலம்பியா, எக்குவடோர் பக்கத்து ஈர மலைக்காடு. அங்கே மரத்தில் தொற்றிக்கொண்டும் வளருகிற சாதி. அதன் வேருக்குத் தெரிந்தது மழைத் தண்ணீரும் காற்றும்தான். செம்பாட்டு மண்ணை இறுக்கி நிரப்பினால் வேர் மூச்சு முட்டி அழுகும். நான் இப்போது போடுவது, பொச்சுத் துண்டு (இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கறுத்த தண்ணீரை ஊற்றிவிட்டு), உடைந்த ஓட்டுத் துண்டு, அப்புறம் ஊமல்கரி. பனங்கொட்டை ஊமலை இந்த ஊரில் யாரும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். கூரைத் தண்ணீர் வடிகிற பீலிக்குக் கீழே இரண்டு நீலத் தண்ணீர்ப் பரல், அவ்வளவுதான். பெரிய கணக்கெல்லாம் இல்லை: 10 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 200 லீற்றர், மாரியில் ஒரு நல்ல மழைக்கே ஒரு பரல் நிரம்பும். என்னிடம் இப்போது ஐந்து சாடி; சாடிக்கு அரை லீற்றர், இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால் மாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் ஏறக்குறைய 300 லீற்றர். இரண்டு பரலில் மிச்சமும் இருக்கும். முதல் மழையை விட்டுவிடுங்கள், கூரை அழுக்கெல்லாம் அதில்தான். நுளம்பு வலையை இறுக்கிக் கட்டி மூடுங்கள், டெங்குக்காரர் வந்து பார்க்க முன்னமே. சாடிக்கு அடியில் தட்டு வைப்பவர்களுக்கும் அதே புத்திமதிதான்.

பரல் வைக்க இடமில்லாதவர்கள் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கலாம், அதில் சுண்ணாம்பு இல்லை. ஆனால் வீட்டில் குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெசின் இருந்தால் அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மிச்சம் பிடிக்கிறோம் என்று என் மருமகள் ஒரு மாதம் ஊற்றினாள். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது.

இன்னொன்று, உங்கள் குறிப்பில் வடக்கு விறாந்தை நல்ல நிழல் என்று இருந்தது. மார்கழியில் நல்ல நிழல்தான். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த நாளில் வடக்கு விறாந்தையில் வெயில் நேரே விழுந்து இலையில் காய்ந்த புள்ளி போடும். நான் சித்திரை வருடப்பிறப்போடு சாடிகளைத் தெற்குப் பக்கம் மாற்றிவிடுவேன், ஆவணி கழிய திரும்பவும் வடக்குக்கு. அதற்காக அறை மூலை இருட்டில் வைத்தாலும் காம்பு நீண்டு இலை பெருக்கும், பூ வராது. சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் காற்றுப் படாத இடமாகப் பாருங்கள், அந்த இலை கிழிந்தால் கிழிந்ததுதான்.

இலையை வெட்டிச் சோடிக்கிறவர்களுக்கு ஒரு சொல். வளர்ந்த செடியில் இலைக்கு ஒரு பூ என்றுதான் கணக்கு, ஒவ்வொரு இலைக் காம்பின் அடியிலிருந்தும் ஒன்று. ஆகவே மூன்று நான்கு நல்ல இலையாவது விடுங்கள். நாங்கள் பூ என்று சொல்கிற அந்தச் சிவப்பும் ஒரு இலைதான். உண்மையான பூக்கள் நடுவில் நிற்கிற திரியில் குறுணி குறுணியாக இருக்கின்றன. விடியற்காலையில் கிட்டப் போய்ப் பாருங்கள், சில நாள் அந்தக் குறுணிகளில் பிசுபிசுப்பான ஈரம் பொட்டுப் பொட்டாக நிற்கும், அது பெண் பருவம். அது காய்ந்த பிறகுதான் மா போல மகரந்தம் வரும். சிவப்பு மெல்லப் பச்சையாகிறதென்றால் வருத்தமில்லை, பூவுக்கு வயதாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் மட்டும் பாருங்கள். சேம்புச் சாதி, அதே கடி.

அந்தப் பழைய சிவப்பு தப்பிவிட்டது, இப்போது ஏழு இலை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, பீலி பூட்டிப் பரல் வைப்பது எப்படி என்று அதே பக்கத்தில் படத்தோடு போடுங்கள் ஐயா. மழை தொடங்கின பிறகு பீலி பூட்ட ஆள் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோண்டாவில்.