செட்டருக்குக் கோப்பை கிடையாதா?

மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்ற திட்டை நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள், இப்போது எனக்கு வேறு எரிச்சல். மொட்டைக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது, அவன் அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. இரண்டும் உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாலிபால் போட்டியில் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேரில் ஒருவனாக என்னை உட்கார வைத்துவிட்டார்கள். சிரிக்காதே. வயசானால் இப்படித்தான் நாற்காலி போட்டு ஓரமாக உட்கார வைப்பார்கள், உனக்கும் வரும்.

ஃபைனலில் ஜெயித்த அணியில் ஒரு நெட்டையன், இடது பக்கத்திலிருந்து அடிக்கிறவன். ஒவ்வொரு அடியும் இடி. கூட்டம் அவன் பெயரைத்தான் கத்தியது, என் பக்கத்தில் இருந்தவர் நோட்டில் அவனுக்குக் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுடைய செட்டரை, அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவனை. நான்காவது செட்டில் ஒரு சர்வீஸ், எடுத்தவன் கையில் சரியாகப் படாமல் வலது பக்கக் கோட்டைத் தாண்டி ஓடியது. செட்டர் விரட்டிப் போனான். அந்த நிலைமையில் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் போட முடியும் என்று வலையோரம் எழும்பிக் கையால் தடுக்கிற எதிரணி பிளாக்கர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தாயிற்று. இவன் களத்துக்கு முதுகைக் காட்டியபடியே தலைக்கு மேலாகப் பின்னால் தூக்கிவிட்டான் பார், பந்து வலையின் நீளம் முழுக்கப் பறந்து இடது ஓரத்தில் போய் இறங்கியது. நெட்டையன் எதிரே ஒரே ஒரு ஜோடிக் கை. அடித்தான், கூட்டம் எழுந்து நின்றது, நோட்டில் இன்னொரு கோடு. தூக்கிக் கொடுத்தவனுக்குக் கோடு போட அந்த நோட்டில் பத்தியே கிடையாது.

அந்த செட் முடிந்ததும் ஓட்டுச் சீட்டை நீட்டினார்கள். ஐந்தாவது செட் பாக்கி இருக்கிறதே என்றால், சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம்! ஜெர்மனி கோல்கீப்பர் ஆலிவர் கான் கதை ஞாபகம் இருக்கிறதா? 2002 கால்பந்து உலகக் கோப்பையில் ஃபைனலுக்கு முன்பே ஓட்டு வாங்கிவிட்டார்கள். அதுவரை ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்த மனுஷன், ஃபைனலில் ரிவால்டோ அடித்த பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டார், ரொனால்டோ உள்ளே தட்டினார், ஜெர்மனி 2-0 என்று தோற்றது. சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து மட்டும் கானுக்கே.

பாயிண்ட் எடுக்காதவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று நோட்டுக்காரர் கேட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரேசில் தங்கம் ஜெயித்தபோது ஆண்கள் பிரிவில் சிறந்த ஆட்டக்காரர் செர்ஜினியோ, பின்னால் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிற லிபரோ, வயது 40 என்றேன். லிபரோ பிளாக் பண்ணக்கூடாது, வலைக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கவும் கூடாது. அவர் 'அது ஒலிம்பிக்' என்று முடித்துக்கொண்டார். என்ன பதில் இது?

கிரிக்கெட்டை இழுத்தும் பார்த்தேன். 2024 டி20 உலகக் கோப்பையில் அர்ஷ்தீப் 17 விக்கெட், பும்ரா 15. வெறும் எண்ணிக்கைதான் கணக்கு என்றால் பும்ரா தொடர் நாயகன் ஆகியிருக்கவே முடியாது. ஓவருக்கு 4.17 ரன்தான் கொடுத்தார், அவரை அடிக்க முடியாதவன் அடுத்த ஓவரில் வேறு ஒருவரை அடிக்கப் போய் அவுட் ஆவான், விக்கெட் அந்த வேறு ஒருவர் பெயரில் ஏறும். செட்டர் வேலையும் அதேதான் என்றேன். அதற்குள் ஐந்தாவது செட்டுக்கு விசில் ஊதிவிட்டார்கள், யாரும் காதில் வாங்கவில்லை.

நெட்டையனைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ஐந்தாவது செட்டில் 13-13, எல்லார் கையும் நடுங்குகிற நேரத்தில், பந்தை எனக்குப் போடு என்று சத்தமாகக் கேட்டு வாங்கி அடித்தான். அதற்கு நெஞ்சு வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அவனுக்குக் கொடுத்திருந்தால் நானே கை தட்டியிருப்பேன். சீட்டு அதற்கு முன்பே உள்ளே போய்விட்டது, இரண்டுக்கு ஒன்று. பரிசு அறிவித்தபோது செட்டர் பையன் விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான், மேடைப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது. மொட்டை கோப்பையோடு போட்டோவுக்கு நின்றபோது நீ வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாய், நாங்கள் எல்லாரும் அவனைத் தோளில் தூக்கினோம். நிஜமாகவே உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா, இல்லை எங்களிடம் காட்டிக்கொள்ளவில்லையா? விளையாட்டாக ஏதாவது எழுதி மழுப்பாமல் சொல்லு.

அப்புறம் ஒரு விஷயம். அடுத்த வருடம் கடைசிப் பந்து விழுந்த பிறகுதான் ஓட்டு, தேர்வு செய்கிறவர்களில் ஒருவராவது செட்டராக ஆடியவராக இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒருவர் இடத்தில் உன் பெயரையும் போட்டுவிட்டேன். போனில் கூப்பிட்டுக் கத்தாதே, நான் எடுக்க மாட்டேன்.

உன்,
குட்டை