அம்மாவின் இடப்பக்கம்

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

ஞாயிறு இரவு வீடியோவில் பேசி முடித்த பிறகு நீ அனுப்பியிருந்த செய்தியை மூன்று முறை படித்தேன். அம்மா உன் முகத்தை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை என்றும், கேட்டதற்கெல்லாம் உயிரில்லாத குரலில் பதில் சொன்னாள் என்றும், உன் திருமணப் பேச்சில் வந்த மனத்தாங்கல் இன்னும் ஆறவில்லையோ என்றும் கேட்டிருந்தாய். அவள் அருகில் இருக்கும்போது இதைத் தொலைபேசியில் விளக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால்தான் கடிதம். அன்று போனை அவளுடைய இடப்பக்கத்து முக்காலியில் சாய்த்து வைத்தவன் நான். தவறு அங்கேதான் நடந்தது.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது மூளை நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டி, நடுப் பெருமூளைத் தமனியின் ஒரு கிளை அடைபட்டதால் மூளையின் வலப்பக்கத்து உச்சிமடலில் இரத்தம் போகாமல் ஒரு பகுதி கெட்டுவிட்டது என்றார். நெற்றிமடல், உச்சிமடல், பொட்டுமடல், பிடரிமடல் என்று மூளையின் நான்கு பகுதிகளையும் வண்ணச் சுண்ணக்கட்டியால் கரும்பலகையில் வரைந்து, இயக்கமும் திட்டமிடுதலும் நெற்றியில், தொடுவுணர்வும், எது எங்கே இருக்கிறது என்று அறியும் இடவுணர்வும் உச்சியில், கேட்டலும் நினைவும் பொட்டில், பார்வை பிடரியில் என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். நம் மொழியில் பெயரே இடத்தைச் சொல்லிவிடுவதால் பிள்ளைகளுக்கு மறக்காது. ஆனால் ‘இடவுணர்வு’ என்று நான் எழுதிப்போட்ட அந்த ஒரு சொல் ஒருவரிடமிருந்து போய்விட்டால் வீட்டுக்குள் அவர் எப்படி இருப்பார் என்பதை இந்த ஒன்றரை மாதத்தில்தான் கண்ணால் பார்க்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை வாழையிலை போட்டுச் சாப்பிட்டோம். வழக்கம்போல நுனி அவளுக்கு இடப்பக்கம். உப்பும் ஊறுகாயும் கூட்டும் அந்தப் பக்கம் வைத்தேன். வலப்பக்கம் இருந்த சோற்றையும் பொரியலையும் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, “இன்றைக்கு ஊறுகாய் வைக்கவில்லையா?” என்று கேட்டாள். இலையின் நடுநரம்புக்குக் குறுக்கே கோடு கிழித்ததுபோல ஓர் எல்லை தெரிந்தது. அதற்கு இடப்பக்கம் வைத்ததெல்லாம் வைத்தபடியே இருந்தது. இலையை அப்படியே அரைவட்டம் திருப்பினேன். ஊறுகாயைக் கண்டதும், “இது எப்போது வந்தது?” என்றாள். செய்தித்தாளில் ‘தலைநகரில் மழை’ என்ற தலைப்பை ‘நகரில் மழை’ என்று படிக்கிறாள். விடுபட்ட எழுத்துகள் விடுபட்டதாகவே அவளுக்குத் தோன்றுவதில்லை.

கண்ணில் கோளாறு என்று நினைத்துவிடாதே. ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடும் இதைப் ‘புறக்கணிப்பு’ என்கிறார்கள். பிடரிமடல் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டு இடப்பக்கப் பார்வையை இழந்தவர்களில் பலர், அந்தக் குறையை உணர்ந்து தாமாகவே தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கோ திருப்பிப் பார்க்க அங்கே ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே எழுவதில்லை. இத்தாலியில் மிலான் நகரில் பிசியாக், லுஸாத்தி என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. இதே பாதிப்புள்ள இரண்டு நோயாளிகளிடம், அவர்கள் நன்கறிந்த பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தைப் பார்த்தபடி நிற்பதாக மனத்தில் நினைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லும்படி கேட்டார்கள். வலப்பக்கத்துக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள். பிறகு ஆலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னபோது, முன்பு விட்டுவிட்ட கட்டடங்கள் இப்போது வலப்பக்கம் வந்துவிட்டதால், அவற்றைச் சொல்லி மற்றவற்றை விட்டார்கள். நினைவு முழுமையாக இருந்தது, கயல். அதை எட்டிப் பார்க்கும் கவனம் மட்டுமே ஒரு பக்கம் இற்றுப்போயிருந்தது. இதைப் படித்த இரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வல மூளை இருபக்கமும் கவனம் செலுத்துகிறது, இட மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது என்பது இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இட மூளை கெட்டால் வல மூளை ஓரளவு ஈடுகொடுக்கும். வல மூளை கெட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளில்லை.

இனி அவளுடைய குரல். பேச்சுக்கான பகுதிகள் பெரும்பாலானவர்களுக்கு இட மூளையில் இருக்கின்றன. பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில், ‘டான்’ என்பதைத் தவிர அநேகமாக வேறு எதுவும் சொல்ல முடியாதிருந்த ஒரு நோயாளி 1861இல் இறந்தபோது, புரோக்கா என்ற மருத்துவர் அவருடைய மூளையில் இட நெற்றிமடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டார். 1874இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர், இடப் பொட்டுமடலின் பின்பகுதி கெட்டவர்கள் சரளமாகப் பேசினாலும் பேச்சில் பொருள் இருக்காது என்றும், பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது என்றும் எழுதினார். அம்மாவுக்கு அந்தப் பகுதிகளில் ஒரு குறையும் இல்லை. சொல் தடுமாறவில்லை, பொருள் மாறவில்லை. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கத்தில், அதாவது “வா கண்ணு” என்பதை “வா கண்ணு” என்றே ஒலிக்கச் செய்யும் அந்த இழைவில், வல மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. அதுதான் மங்கியிருக்கிறது. நீ உயிரில்லாத குரல் என்று எழுதினாயே, அந்தக் குரலில்தான் அவள் அன்றைக்கு போனை வைத்த பிறகு, “கயல் இளைத்துவிட்டாள், கேட்டாயா, குரலே சோர்ந்து கிடக்கிறது” என்று என்னிடம் சொன்னாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நோய் வந்த அன்று காலை அம்மாவின் சேலைத் தலைப்பு இடத்தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. வாசல் நிலையில் இடத்தோளை இடித்துக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். “எனக்கு ஒன்றும் இல்லை” என்றாள், அமைதியாக, முகத்தில் எந்தக் கலக்கமும் இல்லாமல். அவள் சொன்னதை நம்பிப் பிற்பகல் வரை இருந்துவிட்டேன். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தன் குறையைத் தானே அறியாதிருப்பதும் இந்த நோயின் ஓர் அறிகுறி என்பதை 1914லேயே பபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துச் சொல்லி, அதற்கென ஒரு பெயரும் வைத்திருக்கிறார். “ஒன்றும் இல்லை” என்று அவள் சொன்னது பொய்யும் அல்ல, பொறுமையும் அல்ல. அதுவும் அந்த உச்சிமடலைச் சேர்ந்த பாதிப்பே. இது எனக்கு அன்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்படியெல்லாம் எழுதுவதால், மூளையில் ஒரு இடத்துக்கு ஒரு வேலை என்று கட்டம் கட்டிவிடலாம் என்று எண்ணாதே. பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; நெற்றிமடலோ ஆழத்தில் உள்ள பகுதிகளோ கெட்டாலும் இதே புறக்கணிப்பு வரக்கூடும். அந்தப் பின்னலை நம்பித்தான் பயிற்சியும் தருகிறார்கள். முதல் சில மாதங்களில் தேறுவதே அதிகம் என்பதால் நாங்கள் ஒரு நாளையும் விடுவதில்லை. செய்தித்தாளின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, நாடா கண்ணில் படும் வரை திரும்பிவிட்டுப் பிறகுதான் ஒவ்வொரு வரியையும் தொடங்க வேண்டும் என்று பழக்குகிறேன். நேற்று நான்கு வரிகளைத் தவறில்லாமல் படித்தாள்.

நீ ஊருக்கு வந்ததும் எடுத்த எடுப்பில் இடப்பக்கம் போய் நிற்காதே. வலப்பக்கம் நின்று கூப்பிட்டு, அவள் உன்னைக் கண்டுகொண்ட பிறகு, பேசியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் வந்து, அவளுடைய இடக்கையைப் பிடித்துக்கொள். கோபித்துக்கொண்டாளோ என்று இனி ஒருபோதும் கேட்டுவிடாதே. திருமணத்துக்கு உடுத்த வேண்டிய சேலையை அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறாள்.

வரும் ஞாயிறு போனை அவள் வலக்கைப் பக்கம், ஜன்னல் திட்டில் வைக்கிறேன். உன் முகத்தை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் சாண் சாணாக இடப்பக்கம் நகர்த்துவேன். நீ பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே இரு. உன் குரல் போகும் பக்கம் அவள் தலை திரும்புகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா