மிசிசிப்பியின் வாயைத் திறந்தது கருங்கல் சுவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தைப் பொறியாளர் ஜேம்ஸ் புக்கனன் ஈட்ஸ் ஆழப்படுத்தியது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழ் இதழ் ஒன்று விரிவாக எடுத்துக்கொண்டது மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் "இரு பக்கமும் கருங்கல் சுவர் எழுப்பினார், மற்றதை ஆறே பார்த்துக்கொண்டது" என்ற வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. அந்தச் சுவர் கருங்கல்லால் ஆனதல்ல. மற்றதை ஆறு தானாகப் பார்த்துக்கொள்ளவும் இல்லை. நம் ஊர் முகத்துவாரங்களுக்கும் இதுவே வழி என்று கட்டுரை முடிவதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

மிசிசிப்பி கடலை எட்டும் முன் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. தென்மேற்கே ஒன்று, நேர் தெற்கே ஒன்று, கிழக்கே 'பாஸ் அ லூத்ர்' என்று ஒன்று. நடுவில் உள்ள தென்கிளைதான் மூன்றிலும் சிறியது. உள்ளே அதன் அகலம் ஏறக்குறைய 700 அடி, ஆழம் 30 அடி அளவு. ஆனால் கடல்வாயில் உள்ள மணல்திட்டின் மேல் 8, 9 அடிதான் தண்ணீர். காரணம் எளிது. கரைகளுக்கு நடுவே அடங்கி ஓடும் வரை ஆற்றுக்கு வேகம் இருக்கிறது, வண்டலைச் சுமந்து வருகிறது. கரை முடிந்ததும் விசிறிபோல் விரிந்து வேகம் இழக்கிறது, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. கப்பல்கள் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், திட்டுக்கு வெளியே காத்துக் கிடந்தன. கரையைக் கடலுக்குள் நீட்டுவதுபோல் இரு பக்கமும் சுவர் கட்டி ஓட்டத்தை அடக்கினால், வேகம் குறையாத நீர் திட்டை அரித்துவிடும் என்பது ஈட்ஸின் திட்டம்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர்களின் தலைவர் ஹம்ஃப்ரீஸ், முகத்துவாரத்தைத் தொடவே கூடாது, ஆற்றிலிருந்து பக்கவாட்டில் கடலுக்குத் தனிக் கால்வாய் வெட்டவேண்டும் என்றார். சுவர் கட்டினால் அதன் முனைக்கு முன்னால் புதுத் திட்டு உருவாகும், சுவரை நீட்டிக்கொண்டே போகவேண்டியிருக்கும் என்பது அவர் வாதம். இதைக் கட்டுரை வெறும் பொறாமையாகக் காட்டுவது நியாயமில்லை. மிசிசிப்பியின் தென்மேற்குக் கிளையில் 1850களில் ஒற்றை வரிசைப் பலகைகளால் கட்டிப் பார்த்த சுவர் நிலைக்கவில்லை. மறுபக்கம், டான்யூப் ஆற்றின் சுலினா வாயில் சார்லஸ் ஹார்ட்லி 1861இல் முடித்த சுவர்கள் சுமார் 9 அடி ஆழத்தை 17 அடி அளவுக்குக் கொண்டுவந்திருந்தன. அனுபவச் சான்று இரண்டு தரப்புக்கும் இருந்தது.

ஈட்ஸ் கேட்டது பெரிய தென்மேற்குக் கிளையை. 1875 மார்ச் 3ஆம் தேதிச் சட்டம் அவருக்குக் கொடுத்தது சிறிய தென்கிளையை. அரசு முன்பணம் தந்தது என்ற குறிப்பும் பிழை. 20 அடி ஆழம், 200 அடி அகலம் உள்ள பாதை உருவான பிறகுதான் முதல் 5 லட்சம் டாலர். அதுவரை முழுச் செலவும் அவரும் அவரை நம்பிப் பணம் போட்டவர்களும் ஏற்கவேண்டும். அதன்பின் ஆழமும் அகலமும் கூடக்கூடத் தவணை. மொத்தம் 52.5 லட்சம் டாலர். அதில் 10 லட்சத்தை, பாதை நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துத் தருவதற்காக அரசு பிடித்து வைத்துக்கொண்டது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 20 ஆண்டு.

இனி சுவருக்கு வருகிறேன். சேற்று அடித்தளத்தில் கல்லை நேராகக் கொட்டினால் கல் புதைந்துகொண்டே போகும். சுற்றி ஓடும் நீர் கல்லின் அடியை அரிக்கும், கல் இன்னும் இறங்கும். எனவே ஈட்ஸ் வில்லோ மரக் கிளைகளால் மெத்தை செய்தார். டச்சுக்காரர்கள் காலங்காலமாகச் செய்ததுதான். ஆனால் அவர்களைப்போல் கட்டுக்கட்டாகப் பின்னாமல், விரைவாகச் செய்யும் முறை ஒன்றை வகுத்தார்.

கரையில், நீரை நோக்கிச் சரியும் சாய்தளம். அதன்மேல் பைன் மரச் சட்டங்கள், ஏறக்குறைய 6 அங்குல அகலம், 2½ அங்குலக் கனம். சட்டங்களில் இடைவெளி விட்டுத் துளையிட்டு, செங்குத்தாக மர ஆணிகள். அந்த ஆணிகளுக்கிடையே மெல்லிய வில்லோ கிளைகளை இலையும் சிம்புமாக ஒரு அடுக்கு, அதற்குக் குறுக்கே மறு அடுக்கு என்று பரப்பி, மேலே மீண்டும் சட்டம் வைத்து அழுத்தி, ஆணித்தலையில் ஆப்பு அடித்து இறுக்கிவிடுவார்கள். ஒரு மெத்தை 100 அடி நீளம், 35 முதல் 50 அடி அகலம், 2 அடி கனம். இழுவைப் படகு அதைச் சாய்தளத்திலிருந்து நீரில் இறக்கி, வரிசையாக அடித்து வைத்த வழிகாட்டித் தூண்களோடு ஒட்டி நிறுத்தும். பிறகு தோணியிலிருந்து கல்லை மெத்தை முழுவதும் சீராகப் பரப்பவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் மெத்தை சாய்ந்துகொள்ளும், ஓட்டம் அடியில் புகுந்து கவிழ்த்துவிடும்.

அடி மெத்தை அகலமானது, மேலே போகப்போகக் குறுகும். கல்லின் வேலை மெத்தையை அமிழ்த்திப் பிடிப்பது மட்டும்தான். சுவராக நின்றது ஆற்றின் வண்டல். கிளைகளுக்கிடையே நீர் மெதுவாகக் கசியும், கசியும்போது வண்டலை உள்ளே விட்டுவிட்டுப் போகும். சில மாதங்களில் மெத்தை மண்ணால் நிரம்பி இறுகிவிடும். எதிரியான வண்டலையே கொத்தனாராக்கிய இந்த யோசனைதான் அந்தப் பணியின் உயிர் என்று நான் கருதுகிறேன். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

தொல்லைகளும் இருந்தன. மெத்தைகள் பாரத்தில் நசுங்கித் தாழ்ந்தன, மேலே மீண்டும் மீண்டும் அடுக்க வேண்டியிருந்தது. உப்புநீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு, வண்டல் மூடிய இடத்தை விட்டுவிட்டு வெளியே தெரியும் மரத்தைத் தின்றது. கடல்முனையில் புயலலை மேல் அடுக்குகளைக் கிழித்தது. அங்கே பின்னால் கான்கிரீட் கட்டிகளை ஏற்றவேண்டி வந்தது. சுவர்களுக்கிடையே முதலில் விட்ட அகலம் போதிய வேகம் தரவில்லை. எனவே இரு சுவரிலிருந்தும் உள்நோக்கிச் சிறு தடுப்புகளை நீட்டி, ஓடும் அகலத்தை 650 அடி அளவுக்கு நெருக்கினார்கள். தூர்வாரிக் கப்பலையும் பயன்படுத்தினார்கள்.

"ஆறே பார்த்துக்கொண்டது" என்பது முற்றிலும் பொய்த்துப்போகும் இடம் கடல்வாய் அல்ல, அங்கிருந்து சுமார் 12 மைல் மேலே, மூன்று கிளைகளும் பிரியும் முனை. ஆற்று நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தென்கிளைக்கு வந்தது. அதன் வாயை நெருக்கினால் உள்ளே நீர் எதிர்த்து நிற்கும். ஆற்றுக்கு வேறு இரண்டு வாசல் திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பிவிடும். நெருக்க நெருக்க நீர் குறையும், நீர் குறைந்தால் அரிப்பும் நின்றுவிடும். எனவே மற்ற இரண்டு கிளைகளின் குறுக்கே ஆற்றடியில் மெத்தைகளைப் படிபோல் போட்டு, அவை மேலும் ஆழமாகாமல் தடுத்தார்கள். தென்கிளையின் தலைப்பில், அதாவது அது பிரியும் இடத்தில், இருந்த இன்னொரு திட்டை அறுக்க அங்கேயும் தடுப்புகள் கட்டினார்கள். வழியில் பிரிந்து போன 'கிராண்ட் பாயூ' என்ற ஓடையை அடைத்தார்கள். நீரின் பங்கைத் தலைப்பில் காக்காமல் வாயில் மட்டும் சுவர் கட்டியிருந்தால், ஹம்ஃப்ரீஸ் சொன்னதுதான் நடந்திருக்கும்.

1875 ஜூனில் தொடங்கிய வேலை. அடுத்த ஆண்டு ஆழம் கூடவில்லை என்று வதந்தி பரவிப் பணம் திரட்டுவது சிக்கலானபோது, மே 12 அன்று 14 அடி 7 அங்குலம் நீரில் அமிழ்ந்த 'ஹட்சன்' என்ற நீராவிக் கப்பல் நிற்காமல் அந்தப் பாதையில் உள்ளே வந்தது. 1879 ஜூலையில் 30 அடி ஆழம் உறுதியானது. முதல் சட்டம் கேட்ட 350 அடி அகலத்தோடு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 200 அடி அகலத்துக்கு 26 அடி, நடுவே 30 அடி என்று சட்டம் இடையில் திருத்தப்பட்டிருந்தது. செயின்ட் லூயிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வழியாக ஐரோப்பா சென்ற சரக்கு 1875இல் 6,857 டன், 1880இல் 4,53,681 டன்.

நம் கடற்கரைக்கு வருவோம். மிசிசிப்பியில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுகிறது, திட்டைப் போடுவதும் பெரும்பாலும் ஆற்று வண்டல்தான். அங்கே கடல் ஏற்றவற்றம் ஓரடி சொச்சமே. அடையாறு, கூவம் வாய்களில் ஆற்றோட்டம் மழைக்காலத்தோடு சரி. அங்கே வாயை அடைப்பது கரையோரமாக அலை நகர்த்திவரும் கடல் மணல். அரிக்க நீரே இல்லாத ஆற்றை எவ்வளவு நெருக்கினாலும் அரிப்பு வராது. சுவரை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை இழந்ததும் அதனால்தான். முகத்துவாரச் சுவரையும் கரையைக் காக்கும் தூண்டில் வளைவையும் கட்டுரை ஒரே பொருளில் சொல்கிறது. முன்னது ஓட்டத்தை அடக்கி அரிக்கவைக்க, பின்னது கரையோர மணலைப் பிடித்து நிறுத்த. இரண்டும் வேறு.

தென்கிளை இன்று பெருங்கப்பல் பாதையாக இல்லை என்பதும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. கப்பல்கள் பெரிதானதும், ஈட்ஸ் முதலில் கேட்ட தென்மேற்குக் கிளையிலேயே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர்கள் எழுந்தன. இன்றும் பெருங்கப்பல்கள் அதன் வழியேதான் போகின்றன, இடைவிடாத தூர்வாரலோடு.

இறுதியாக, படக்குறிப்பில் சுவர்களின் இடைவெளி 100 அடி என்று அச்சாகியுள்ளது. 1,000 அடி என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முகத்துவாரப் பணிகளில் இருந்து ஓய்வுபெற்ற பொறியாளர்,
கடலூர்