பாலியல் குற்றங்கள்: தண்டனையை யாருக்குக் கூட்ட வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் குற்றவாளிகளைத் தூக்கிலிட வேண்டும் என்று தங்கள் இதழில் தொடர்ந்து எழுதிவரும் வாசகர்களின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால், சட்டத்தில் தண்டனை குறைவு என்ற அவர்களுடைய முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. பாலியல் வன்புணர்வுக்கான குறைந்தபட்சத் தண்டனை 2018-இல் 7 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்ந்தது. மறு ஆண்டே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் மரண தண்டனை சேர்ந்தது. 2025 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றம் அந்த 10 ஆண்டை 14 ஆக்கும் திருத்தத்தையும் நிறைவேற்றியது. இருந்தும், விசாரணை முடியும் வன்புணர்வு வழக்குகளில் மூன்றில் ஒரு பங்கில்கூடக் குற்றம் நிரூபணமாவதில்லை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பெரும்பாலான ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன.

எங்கள் மாவட்டத்து வாச்சாத்தியையே எடுத்துக்கொள்வோம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி ஊருக்குள் புகுந்த வனத்துறையினரும் காவல்துறையினரும் மலைவாழ் மக்களை அடித்து நொறுக்கி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். அப்படி எதுவும் நடக்கவேயில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு சிபிஐயிடம் ஒப்படைத்த பிறகுதான் வழக்கு உயிர்பெற்றது. தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்த 2011 செப்டம்பருக்குள், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு முடிய மேலும் 12 ஆண்டுகள் ஆயின. தூக்குத் தண்டனையே சட்டத்தில் இருந்திருந்தாலும் அந்த 54 பேரை அது என்ன செய்திருக்கும்?

குற்றம் சாட்டப்படுபவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சித்தப்பாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்தால், புகார் கொடுக்கத் துணிந்த பிள்ளையின் வாயை வீட்டாரே பொத்திவிடுவார்கள். டெல்லி கூட்டு வன்புணர்வுக்குப் பின் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு 2013-இல் மரண தண்டனையைப் பரிந்துரைக்க மறுத்ததை, நம் மேடைப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

என் பார்வையில் தண்டனை உண்மையிலேயே போதாத இடம் வேறு. பொள்ளாச்சி வழக்கில் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்ததையும், அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஆறே மாதத்துக்குள், குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டதையும் கொண்டாடினோம். அதே பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறையும் பின்னர் அரசாணையும் வெளிப்படுத்தின. பல்கலைக்கழக வழக்கிலோ முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் அந்தப் பெண்களுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. இதைப் பார்க்கும் எந்தப் பெண் நம்பிக்கையோடு காவல் நிலையப் படியேறுவாள்?

பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுபவருக்கு மத்தியச் சட்டம் விதிக்கும் அதிகபட்சச் சிறை 2 ஆண்டுகள்தான். புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டுகள்தான். கூட்டுவதானால் முதலில் இந்தத் தண்டனைகளைக் கூட்டட்டும். அதற்கு முன்பாக, இந்த இரு பிரிவுகளின்கீழ் தமிழகத்தில் இதுவரை எத்தனை அதிகாரிகள் மீது வழக்குப் பதிவானது, எத்தனை பேர் சிறை சென்றார்கள் என்ற விவரத்தை அரசு சட்டமன்றத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.